தலத்தெரு டிராமும் ஒரு ஜோடி கம்பளி சாக்ஸும்

தலத்தெரு, காரைக்கால்
28 நவம்பர் 1983

அக்கா, அக்கா, உட்கார்ந்துகொண்டு படி, நம்ம காரைக்காலுக்கு டிராம் வண்டி வரப்போகிறது, நிஜ டிராம், அதுவும் உன் பிரான்சிலிருந்து கப்பலில்!

சுகம் விசாரிக்காமல் எழுதினால் அம்மா திட்டுவார்கள். ஆகவே: அம்மாவுக்கு மூட்டுவலி அப்படியேதான் இருக்கிறது, நான் சுகம், நீயும் மச்சானும் பாப்பாவும் சுகமாயிருக்க மாதாவை வேண்டுகிறோம். ஆயிற்றா? இப்போது டிராம்.

கடற்கரைப் பக்கம் பெரிய வீடு கட்டியிருக்கும் ஓகுஸ்தேன் முசேயை உனக்குத் தெரியும். முப்பது வருஷம் பிரான்சில் இருந்துவிட்டு வந்தவர். அங்கே ஏதோ ஓர் ஊரில் டிராமை நிறுத்திவிட்டார்களாம். வண்டிகள் சும்மா நிற்கின்றனவாம், இரண்டை நமக்குச் சும்மாவே தருகிறார்களாம். அவர் தலைமையில் கமிட்டி போட்டாயிற்று. பஸ் ஸ்டாண்டில் ஏறினால் பெரிய கடைத்தெரு வழியாகக் கடற்கரை! பெட்டிக்கு நாலு சக்கரம், இருபத்திரண்டு இருக்கை. டிரைவர் காலால் மிதித்தால் மணி அடிக்கும். அவர் காட்டிய வண்டிப் படத்தைக் கேட்டு வாங்கி என் கட்டிலுக்கு மேலே ஒட்டியிருக்கிறேன்.

நீ விட்டுப்போன பள்ளிப் புத்தகங்களை வைத்து நானே படித்த பிரெஞ்சு கடைசியில் பிரயோஜனப்பட்டது. கமிட்டிக் காகிதம் எல்லாம் நான்தான் எழுதுகிறேன். "கண்டக்டர் தொப்பி உனக்குத்தான்டா" என்று முசே சொல்லிவிட்டார்!

இந்த மாதம் எழுதி எழுதி எனக்குக் கை ஒடிந்துவிட்டது. நவம்பர் அல்லவா? தெருவில் பிரெஞ்சு பென்சன் வாங்கும் எல்லோருக்கும் 'இவர் உயிரோடு இருக்கிறார்' என்ற காகிதத்தை நிரப்பி, வீடு வீடாகப் போய்க் கையெழுத்து வாங்கினேன். பக்கத்து வீட்டுக் குஞ்சம்மா பெரியம்மா உன்னைக் கேட்டதாக எழுதச் சொன்னார்கள்.

தொப்பி போடப்போகும் தம்பி,
ழான்-போல்


பாரிஸ்
19 டிசம்பர் 1983

அன்புத் தம்பிக்கு,

இங்கே பனி கொட்டுகிறது. மச்சானுக்கு இருமல், பாப்பாவுக்குப் பல் முளைக்கிறது. ஆஸ்பத்திரித் துணி துவைக்கும் இடத்தில் எனக்கு இந்த வாரம் விடிகாலை முறை. அம்மா தைலம் தேய்க்கிறார்களா?

பாதி நாள் கரண்ட் இல்லாத ஊரில் கரண்ட் வண்டியா? பதினோரு வருஷமாக இந்த ஊரில் இருக்கிறேன். இங்கே யாரும் ஒரு குடையைக்கூடச் சும்மா தரமாட்டார்கள். கப்பல் கூலி யார் தலையில், தண்டவாளம் யார் தலையில் என்று கேட்டுக்கொள்.

பக்கத்து வீட்டு அல்பேர் பெரியப்பா எப்படி இருக்கிறார்? கால் வீக்கம் வடிந்ததா, இன்னும் படுக்கைதானா? அவருக்காக நானே பின்னிய சாக்ஸ் பார்சலில் வருகிறது. சாம்பல் நிறம், மேலே சிவப்புக் கோடு. அப்பா இல்லாத குறை தெரியாமல் மெட்ராஸ் வரை வந்து என்னை விமானம் ஏற்றிவிட்ட மனுஷன். காலில் போட்டுவிட்டு என்ன சொன்னார் என்று எழுது.

ஷந்தால்


தலத்தெரு
16 ஜனவரி 1984

அன்புள்ள அக்கா,

பொங்கல் நல்லபடியாகப் போனது. அம்மா தைலம் தேய்க்கிறார்கள். பாப்பாவின் பல்லுக்கு என் முத்தம்.

பார்சல் வந்தது. சாக்ஸ் நல்ல கனம். குஞ்சம்மா பெரியம்மா தொட்டுத் தொட்டுப் பார்த்துவிட்டுப் பெட்டியில் வைத்தார்கள்.

டிராம் செய்தி: பாதை மாறிவிட்டது. கடைத்தெரு முதலாளிகள் கடை முகப்பு போய்விடும் என்று ஒரே கூச்சல். பெரிய இடத்துக் கூச்சல் அல்லவா, உடனே காதில் விழுந்துவிட்டது. இப்போது வண்டி நம் தெரு வழியாகப் போகிறது! என் ஜன்னலுக்கு வெளியே டிராம்! ஆனால் ஒவ்வொரு வீட்டிலும் முன்பக்கம் ஆறடி எடுப்பார்களாம். அதுவும் நம் பக்கத்து முப்பத்தோரு வீட்டில் மட்டும். நமக்கு முன்னறை போகும். பெரிய காரியம் நடக்கும்போது கொஞ்சம் விட்டுக்கொடுக்க வேண்டியதுதானே? அம்மா மூன்று நாளாக என்னோடு பேசவில்லை.

ழான்-போல்


பாரிஸ்
7 பிப்ரவரி 1984

தம்பி,

எல்லோரும் சுகம். உன் புத்தி மட்டும் சுகமில்லை.

இரண்டு மாட்டு வண்டி எதிரெதிரே வந்தால் ஒன்று பின்வாங்கவேண்டிய தெரு அது. அதில் டிராமா? கடைக்காரன் முகப்பு போகக்கூடாது, அம்மா படுக்கும் அறை போகலாமா? முப்பத்தோரு வீட்டுக்காரரும் எப்படிச் சம்மதித்தார்கள்? எழுதிக் கொடுத்தார்களா? யார் எழுதி வாங்கியது?

நீ அல்பேர் பெரியப்பாவிடம் போய்ச் சொல். படுக்கையில் கிடந்தாலும் அவர் ஒரு சத்தம் போட்டால் அந்த ஓகுஸ்தேன் கடற்கரை வரை ஓடுவான். பிரெஞ்சுப் பட்டாளத்தில் அவருக்குக் கீழே இருந்தவன்தானே. சாக்ஸ் கனம் என்று எழுதினாய். காலுக்குச் சரியாக இருந்ததா என்று எழுதவில்லை.

டிராம் கொடுத்த ஊர் எது? கேட்டு எழுது. நான் போய்ப் பார்க்கிறேன்.

ஷந்தால்


தலத்தெரு
11 மார்ச் 1984

அன்புள்ள அக்கா,

அம்மாவும் நானும் இருக்கிறோம். அங்கே எல்லோர் உடம்பும் எப்படி?

படத்தைச் சுவரிலிருந்து கிழித்துவிட்டேன்.

வண்டி ஒன்று வந்துவிட்டது. லாரியில் கொண்டுவந்து தெருக்கோடி மைதானத்தில் இறக்கினார்கள். நான் மாலை வாங்கிக்கொண்டு ஓடினேன் அக்கா, மாலை! ஏறிப் பார்த்தால் மணி இல்லை, மோட்டார் இல்லை, இருக்கைகூட இல்லை. வெறும் கூடு. தரை முழுக்க வெள்ளை வெள்ளையாய்க் காய்ந்து அப்பியிருந்தது. ஒரு நாற்றம், மூக்கைப் பொத்திக்கொண்டு இறங்கினேன். மாலையை எங்கே போடுவது என்று தெரியாமல் வீட்டுக்குக் கொண்டுவந்தேன். இப்போது அதில் ஊர்க்காரர்கள் காலையில் ஒதுங்குகிறார்கள்.

தெருவில் தண்டவாளத்துக்கென்று பள்ளம் வெட்டியவன் சாக்கடையையும் சேர்த்து வெட்டிவிட்டுப் போய்விட்டான். வாசலில் கறுப்புத் தண்ணீர் முழங்கால் அளவு நிற்கிறது. பன்றிகள் அதிலேயே குட்டி போட்டுவிட்டன. சோற்றில் கை வைத்தால் ஈ மொய்க்கிறது. சும்மா வந்த டிராமுக்கு வீட்டுக்கு வீடு வசூல் வேறு. இடிப்பதற்கு அடையாளமாக ஒவ்வொரு கதவிலும் சிவப்புச் சாயத்தில் பெருக்கல் குறி போட்டிருக்கிறார்கள்.

ஞாயிற்றுக்கிழமை கூட்டம் நடந்தது. கருவாடு விற்கும் பூவாயி அக்கா முதலில் எழுந்தார்கள்.

"ஏன் முசே, ஒங்க வண்டி எங்க அடுப்பங்கரைக்குள்ள பூந்து என்ன, கொழம்பு ஊத்திக்கிட்டா போவும்?"

எல்லோரும் சிரித்தார்கள். ஓகுஸ்தேன் முசேயும் சிரித்தார். ஒரு கட்டுக் காகிதத்தைத் தூக்கிக் காட்டினார். "சம்மதம் குடுத்துட்டு இப்ப சத்தம் போட்டா எப்படிம்மா? முப்பத்தோரு வீட்டுக் கையெழுத்தும் இருக்கு. ஒண்ணு கொறையல." அப்புறம் குரலைத் தாழ்த்தி, ரொம்ப அக்கறையாக, "ஆமா, அல்பேர் முசே எப்படி இருக்காரு? பாத்து ரொம்ப நாளாச்சு" என்று கேட்டார்.

அதோடு கூட்டம் அடங்கிவிட்டது. பூவாயி அக்காவும் உட்கார்ந்துவிட்டார்கள்.

வண்டியின் அடியில் தகட்டில் ஊர்ப் பெயர் இருந்தது. தனித் தாளில் எழுதி வைத்திருக்கிறேன்.

ழான்-போல்


பாரிஸ்
2 ஏப்ரல் 1984

தம்பிக்கு,

பாப்பாவுக்கு நாலு பல். மச்சான் இருமல் நின்றது.

நீ எழுதிய ஊருக்கு ரயிலில் போய்வந்தேன். இரண்டு மணி நேரம் வடக்கே. அங்கே டிராமை நிறுத்தி முப்பது வருஷம் ஆகிறது. டிராம் என்ற பெயரைக் கேட்டாலே சிரிக்கிறார்கள். கடைசியில் ஒரு குடியானவர் வயலில் காட்டினார்கள். உனக்கு வரவேண்டிய இரண்டாவது வண்டி அங்கே நிற்கிறது. உள்ளே நாற்பது கோழி. ஜன்னல் ஓரத்தில் வரிசையாக உட்கார்ந்திருக்கின்றன, டிக்கெட் வாங்கினதுபோல. இன்னொரு கூண்டு இருந்ததாம், ஓர் இந்தியர் வந்து பழைய இரும்பு விலைக்கு வாங்கிப்போனாராம். எனக்கும் வேண்டுமா என்று கேட்டார். போகும்போது ஆறு முட்டை கொடுத்தார். அந்த வெள்ளை என்னவென்று இப்போது தெரிந்ததா? நாலு பேர் கடல் தாண்டிக் கோழிப் பீயைக் கொண்டுவந்து இறக்கி, அதற்கு வழிவிட அம்மா அறையை இடிக்கிறார்கள்.

ஒன்று கேட்கிறேன். பெரியப்பாவை நான் ஒவ்வொரு கடிதத்திலும் விசாரித்தேன். நீ ஒரு கடிதத்திலும் பதில் எழுதவில்லை. அந்த ஓகுஸ்தேன் அவரை விசாரித்தால் ஒரு தெருவே ஏன் வாயை மூடவேண்டும்?

ஷந்தால்


தலத்தெரு
21 ஏப்ரல் 1984

அன்புள்ள அக்கா,

கடிதம் கிடைத்தது. கோழி விஷயத்தைத் தெருவில் படித்துக் காட்டினேன். "கோழிக்குக் கூடு வைக்கத்தான் நம்ம வூட்ட இடிக்கிறானுவளா? அதுக்கு என் கூடைய கவுத்தா போதுமேடா" என்றார்கள் பூவாயி அக்கா. யாரும் சிரிக்கவில்லை. இடிப்பது ஜூலைக்கு அப்புறம் என்கிறார்கள்.

வெயில் அதிகம். மற்றபடி எல்லோரும் நலம்.

ழான்-போல்


பாரிஸ்
9 மே 1984

ழான்-போல்,

பெரியப்பா எப்போது செத்தார்?

இங்கே மெழுகுவர்த்தி ஏற்றட்டுமா, வேண்டாமா? அதை மட்டுமாவது எழுது.

ஷந்தால்


தலத்தெரு
27 மே 1984

அக்கா,

ஏற்று.

போன அக்டோபர் 4ஆம் தேதி, விடிகிற நேரத்தில். தூக்கத்திலேயே போய்விட்டார். அம்மா பக்கத்தில் இருந்தார்கள். பிரான்சில் இருக்கும் யாருக்கும் எழுதக்கூடாது என்று அன்றைக்கே தெரு முடிவெடுத்தது. உனக்கு எழுதினால் நீ அழுவாய், நாலு பேர் கேட்பார்கள், எங்கே சுற்றினாலும் பென்சன் ஆபீஸ் காதுக்குப் போய்விடும்.

உனக்குத் தெரியுமோ என்னவோ, குஞ்சம்மா பெரியம்மா பிரெஞ்சுக் காகிதத்தில் பெரியப்பாவுக்கு மனைவியே இல்லை. அவர் வேதக்காரர், அவர்கள் போலகத்து இந்துக் குடும்பம். 1949இல் லீவில் வந்தபோது போலகத்தில் வீட்டிலேயே பந்தல் போட்டுத் தாலி கட்டினார். மாதா கோயிலிலும் எழுதவில்லை, மேரியில், அதுதான் நகராட்சி ஆபீஸில், போய்ப் பிரெஞ்சுப் பதிவேட்டிலும் எழுதவில்லை. "லீவு முடிஞ்சிருச்சு, அடுத்த வாட்டி வந்து எழுதிக்குவோம்"னு கப்பல் ஏறினவர், முப்பத்துநாலு வருஷம் அடுத்த தடவை என்றே சொல்லிவிட்டார். எழுதாத மனைவிக்கு விதவைப் பென்சன் கிடையாது. அவர் போன நாளோடு அவர்கள் சோறும் போயிற்று.

அதனால் நவம்பரில் 'உயிரோடு இருக்கிறார்' காகிதத்தில் பெரியப்பாவின் கையெழுத்தை நான் போட்டேன். இரண்டு வருஷமாகப் படுக்கையில் இருந்ததால் அவர் காகிதம் எப்போதும் வீட்டுக்குத்தான் வரும். யாரும் சந்தேகப்படவில்லை. பெரியம்மா எட்டு மாதமாகப் பொட்டும் பூவுமாக இருக்கிறார்கள். காலையில் பூ வைக்கும்போது கண்ணாடியைப் பார்ப்பதில்லை என்று அம்மா சொன்னார்கள்.

இதோடு முடிந்திருந்தால் உன் முகத்தில் விழிப்பேன். யார் எழுதி வாங்கியது என்று கேட்டாயே. நான்தான். ஓகுஸ்தேன் முசே ஒரு பிரெஞ்சுக் காகிதம் கொடுத்தார். டிராமை வரவேற்கிறோம் என்று முதல் வரி. தேவைப்படும் இடத்தை விட்டுத்தருகிறோம் என்று இரண்டாவது வரி. இரண்டையும் படித்தேன் அக்கா. தெரியாமல் செய்யவில்லை. வண்டி கடைத்தெருவில்தானே போகிறது, நம் இடம் எதற்கு என்று நினைத்தேன். ஒவ்வொருவருக்கும் விளக்கிச் சொல்லச் சோம்பல். நவம்பரில் நான் எந்தப் பிரெஞ்சுக் காகிதத்தை நீட்டினாலும் நம் தெரு படிக்காமல் கையெழுத்துப் போடும். உயிர்க் காகிதத்துக்கு அடியில் இதை வைத்தேன். நம் பக்கத்தில் முப்பது வீட்டிலும் போட்டார்கள். முப்பத்தோராவது வீட்டில் மட்டும் இல்லையென்றால் ஏன் என்று கேட்பார்களே என்று பெரியப்பா பெயரை மறுபடியும் நானே போட்டேன்.

ஓகுஸ்தேனுக்கு எல்லாம் தெரியும். யார் எதிர்த்துப் பேசினாலும் அல்பேர் முசே சுகமா என்று கேட்கிறான். அவ்வளவுதான், அதற்குமேல் ஒரு வார்த்தை இல்லை. நீயும் அதையே கேட்டு எழுதுவாய். இரண்டையும் ஒரே நாளில் கேட்டுவிட்டு நான் சோறு தின்னாமல் படுத்திருக்கிறேன். தெருவுக்கு, நான் எதை எதற்கடியில் வைத்தேன் என்பது மட்டும் இன்னும் தெரியாது. அந்த மைதானத்து நாற்றம் என் சட்டையிலிருந்தே வருவதுபோல இருக்கிறது.

ழான்-போல்


பாரிஸ்
15 ஜூன் 1984

தம்பி,

மெழுகுவர்த்தி ஏற்றினேன். ஒரு நாள் வேலைக்குப் போகவில்லை.

செத்தவர் கையெழுத்து இருக்கிறது என்று சொன்னால் அந்தச் சம்மதக் காகிதம் அங்கேயே செத்துவிடும். உனக்கும் அது தோன்றியிருக்கும். அதை நீ சொல்லாதே. பெரியம்மா வாயிலிருந்து சோற்றைப் பிடுங்கி நம் வீட்டைக் காப்பாற்ற வேண்டாம். உன் பங்கு எதுவோ அதை மட்டும் சொல். முதலில் தெருவுக்கு. அடி விழுந்தால் வாங்கிக்கொள்.

ஷந்தால்


தலத்தெரு
22 ஜூலை 1984

அன்புள்ள அக்காவுக்கு,

அம்மா சுகம். முன்னறையில்தான் படுத்திருக்கிறார்கள். முன்னறை இருக்கிறது.

நீ சொன்னபடி ஒரு ஞாயிற்றுக்கிழமை தெருவைக் கூட்டிச் சொன்னேன். பூவாயி அக்கா கருவாட்டுக் கையாலேயே கன்னத்தில் ஒன்று வைத்தார்கள். "ஒனக்குக் காகிதம் படிக்கத் தெரியும்னுதானடா நாங்க படிக்காம போட்டோம்" என்றார்கள். கன்னத்து வலி அன்றைக்கே போய்விட்டது, இந்த வார்த்தை போகவில்லை. குஞ்சம்மா பெரியம்மா மட்டும் எழுந்து வீட்டுக்குப் போய்விட்டார்கள்.

14ஆம் தேதி, இடிப்பதற்குமுன் தெருவை விசாரிக்கப் புதுச்சேரியிலிருந்து ஓர் அதிகாரி வந்தார். பள்ளிக்கூடத்து வராந்தாவில் மேசை போட்டிருந்தது. நான் எழுந்து, இவர்கள் யாருக்கும் இது என்ன காகிதம் என்று தெரியாது, நான் ஏமாற்றி வாங்கினேன் என்று சொன்னேன். ஓகுஸ்தேன் அசரவில்லை. "சின்னப் பையன், யாரோ தூண்டிவிட்டு ஒளறுறான். எல்லாம் படிச்ச பெரியவங்க சார், பட்டாளத்துல இருந்தவங்க." பிறகு நம் வரிசைப் பக்கம் திரும்பி, அதே சிரிப்போடு, "அல்பேர் முசே எப்படி இருக்காரு? கூட்டத்துக்கு வரலியா?" என்றான்.

கடைசி பெஞ்சிலிருந்து பெரியம்மா எழுந்தார்கள். அன்றைக்குத் தலையில் பூ இல்லை. மடியிலிருந்து உன் சாக்ஸை எடுத்துக்கொண்டு போய் அதிகாரியின் மேசையில் வைத்தார்கள். நீ கட்டிய நூல்கூட அவிழ்க்கவில்லை.

"பாரிசுலேருந்து எங்க வூட்டுக்காரருக்கு ஒரு பொண்ணு பின்னி அனுப்புனதுங்க. வந்தப்ப போட்டுவுட காலு இல்ல. அவுரு அக்டோபர் நாலாந்தேதி செத்துட்டாரு. அந்தக் காகிதம் நவம்பர் மாசத்துது. செத்த மனுசன் வூட்ட இடிச்சுக்கன்னு எப்புடிங்க கையெழுத்துப் போட்டுருப்பாரு?"

அதிகாரி, "அம்மா, நீங்க என்ன சொல்றீங்கன்னு யோசிச்சுத்தான் சொல்றீங்களா?" என்று கேட்டார்.

"ஒம்பது மாசமா யோசிச்சேங்க" என்றார்கள். பிறகு ஓகுஸ்தேனைப் பார்த்து, "இனிமே அவர வெசாரிக்காதீங்க முசே. நல்லா இல்ல" என்றார்கள்.

அம்மா அழுதார்கள், பூவாயி அக்கா அழுதார்கள். அதிகாரி அந்தக் காகிதக் கட்டை வாங்கித் தன் பையில் போட்டுக்கொண்டார். வேலை நின்றது. பள்ளத்தை நாங்களே மண் போட்டு மூடிவிட்டோம். வண்டி மைதானத்தில் நாறிக்கொண்டுதான் கிடக்கிறது. அதை எடுத்துப்போக யாருக்கும் செலவு கட்டாதாம். ஓகுஸ்தேன் இப்போது கோட்டுச்சேரியில் பஸ் நிலையத்துக்குக் கமிட்டி போடுகிறானாம். கேட்டதும் காறித் துப்பினேன்.

பெரியம்மாவின் பென்சன் நின்றுவிட்டது. பெரியப்பாவின் கையெழுத்தெல்லாம் நான் போட்டது என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன். அடுத்த மாதம் விசாரணைக்குப் புதுச்சேரி போகிறேன். எனக்கு என்ன ஆனாலும் நீ கவலைப்படாதே. தெருவில் முறை வைத்து ஒரு வீட்டுச் சோறு பெரியம்மாவுக்குப் போகிறது. "முப்பத்தோரு வூட்டுலயும் உப்பு ஒவ்வொரு மாதிரிடா" என்கிறார்கள். அது எத்தனை நாள் அக்கா?

வக்கீல் ஒரு வழி சொல்கிறார். 1949இல் அந்தக் கல்யாணத்தைக் கண்ணால் பார்த்தவர்கள் நாலு பேர் எழுதிக் கொடுத்தால், கோர்ட்டு மூலமாக அதைப் பிரெஞ்சுப் பதிவேட்டில் சேர்க்கச் சொல்லி மனுப் போடலாமாம். இங்கே பார்த்தவர் யாரும் மிச்சமில்லை. பெரியம்மாவின் அண்ணன் கருப்பையனும் போன வருஷம் போய்விட்டார். பந்தியில் உட்கார்ந்தவர்கள் எல்லாம் அங்கே பிரான்சில்தான் இருக்கிறார்கள், ஷர்லோத் அத்தை, இளையபெருமாள் மாமா, இன்னும் யார் யாரோ. இந்தக் கடிதத்தை நம்ம ஊர்க்காரர்கள் கூடும் இடத்தில் எல்லாம் உரக்கப் படி. என்னைப் பற்றி எழுதியதையும் விடாமல் படி. ஒருவர் கேட்டால் பத்துப் பேருக்குச் சொல்லச் சொல். ஞாபகம் இருப்பவர்களைக் கூட்டிவைத்து எழுதி வாங்கு. கையெழுத்துப் போடுமுன் ஒவ்வொருவரையும் முழுசாகப் படிக்கச் சொல்.

பொய்யாக யாரும் எழுதிவிடக்கூடாது என்று பெரியம்மா ஓர் அடையாளம் சொல்லியிருக்கிறார்கள். அதை நான் இங்கே எழுதப்போவதில்லை, இந்தப் பத்தியை மட்டும் யாருக்கும் படித்துக் காட்டாதே. அன்றைக்குப் பந்தியில் பாயசம் வைத்தார்கள். அது எப்படி இருந்தது என்று கேள். முகத்தைச் சுளித்துக்கொண்டு சிரிப்பவர் யாரோ, அவர்தான் நிஜமாக வந்தவர். அவரை உடனே எழுதச் சொல்.

ழான்-போல்